தொடர்ந்தால் சம்மதம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கடற்கரையில் நடக்கும்போதோ மழையை வேடிக்கை பார்க்கும்போதோ தோன்றவில்லை. கூலிக்கு எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. உடனே இலக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். செல்போனில் ஒரு செயலியைத் திறந்ததும் பத்துப் பக்கத்துக்கு விதிமுறைகள் வருமே, நீங்களும் நானும் படிக்காமல் கட்டைவிரலால் தள்ளிவிட்டு 'சரி' அழுத்துவோமே, அதைத் தமிழில் எழுதுகிறவன் நான். பெருங்குடியிலிருந்து ஒரு நிறுவனம் அனுப்பும். அடையாறு வீட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பேன். தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்து, மக்களுக்கு அவரவர் மொழியிலும் அறிவிப்பு வேண்டும் என்று ஆனபிறகு வேலைக்குக் குறைவில்லை. [சட்டம் மக்களைக் காப்பாற்றியதா, தெரியாது. என்னைக் காப்பாற்றியது.]

நான் எழுதிய வாக்கியம் இது: 'தொடர்ந்தால், நீங்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.' முதலில் 'ஒப்புதல்' என்றுதான் போட்டிருந்தேன். அது தாசில்தார் ஆபீஸ் வார்த்தை. 'சம்மதம்' கல்யாண வீட்டு வார்த்தை, காதுக்குப் பழகியது என்று மாற்றினேன். மேற்பார்வையாளர், தமிழ்மொழி என்று பெயர், 'அருமை சார், மனசுக்கு நெருக்கமா இருக்கு' என்று பதில் எழுதினார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

2

தொடக்கங்கள்.

'ஷம்ஷாத் கேட்டருகே வந்தபோது மணி நான்கு. வெயில் இன்னும்' — வேண்டாம். வெயிலோடு தொடங்கும் கதைகளுக்கு இந்த ஊரில் தடை போட வேண்டும்.

'ஒரு மனுஷியின் முகம் யாருக்குச் சொந்தம்?' — பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மாதிரி இருக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஷம்ஷாத் புடவைக்கு மடிப்பு வைத்துத் தருகிறவர். கல்யாணத்துக்குப் போகிற பெண்களுக்கு முதல் நாளே கொசுவமும் முந்தானையும் மடித்து, தேய்த்து, பின் குத்தி வைத்துவிடுவார். மறுநாள் ஐந்து நிமிஷத்தில் கட்டிக்கொள்ளலாம். எங்கள் கட்டடத்தில் மூன்று வீடுகளுக்கு வருவார். அதில் ஒன்று எங்கள் வீடு. என் மனைவி மாளவிகாவுக்கு அவரிடம் தனிப் பிரியம். முப்பது வயதிருக்கும். ரூஹி என்று ஆறு வயதில் ஒரு பெண். ஷம்ஷாத்தின் இடது மணிக்கட்டுக்குள் ஒரு தகடு இருக்கிறது. மணிக்கட்டை முறித்தது கணவன் காஷிஃப். அவனை விட்டு வந்து ஒரு வருஷமாகிறது. இவர் எங்கே வேலை செய்கிறார், மகளோடு எங்கே குடியிருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. தெரியவே கூடாது. அதற்காகத்தான் இவர் இரண்டு பஸ் மாறி வருகிறார்.

[பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. தொழிலும்தான். நான் அடையாறில் இல்லாமலும் இருக்கலாம். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.]

3

எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு கேட் செயலியைக் கொண்டுவந்தது. இலவசம் என்றார்கள். இலவசம் என்றால் எங்கள் சங்கத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். அந்தக் கூட்டத்தில் பார்க்கிங் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் வாட்ச்மேன் லாரன்ஸ் படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று முடிவானது. எங்களை யாரும் படம் எடுக்கவில்லை.

"ஒரு நிமிசம் நில்லுமா, போட்டா எடுக்கணும்."

"எதுக்குண்ணா?"

"எனக்கு இன்னா தெரியும்? செகரெட்டரி சொல்லிக்கீறாரு. செல்லுல ஒரு நம்பர் வந்துக்கீதா பாரு. அத்த சொல்லு, உள்ள வுடறேன்."

குறுஞ்செய்தியில் எண் இருந்தது. அதன் கீழே என் வாக்கியம் இருந்தது. ஷம்ஷாத் கார்ப்பரேஷன் ஸ்கூலில் தமிழ் படித்தவர். முழுதாகப் படித்தாராம். நான் எழுதிய விதிமுறையை உட்கார்ந்து படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும், அதுவும் நின்றுகொண்டு. மாடியில் இரண்டு பட்டுப்புடவைகள் காத்திருந்தன. எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

4

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செயலி எங்கள் கேட்டோடு நிற்பதில்லை. அதைப் பயன்படுத்தும் எந்தக் கட்டடத்தின் கேட்டிலும் ஒரு போன் நம்பரை அடித்தால் போதும்; படம், பெயர், எந்தக் குடியிருப்பு, எந்த மணிக்கு வருவார் எல்லாம் வந்துவிடும். 'நம்பகமான பணியாளரைத் தேடுங்கள்' என்று அதற்குப் பெயர். [அந்தத் தலைப்பும் என் மொழிபெயர்ப்புதான்.] நிறுவனங்கள் திருடுகின்றன என்று நான் சொல்ல மாட்டேன். திருடனுக்குப் பயமாவது இருக்கும். இவர்கள் படிவம் நீட்டுகிறார்கள். அரசாங்கமோ, அடுத்தவன் எடுத்தால் குற்றம் என்று சட்டம் போட்டுவிட்டு, தான் எடுப்பதற்கு விதிவிலக்கு வைத்துக்கொள்கிறது.

காஷிஃப் வேறொரு கட்டடத்தில் சூப்பர்வைசர். அங்கேயும் அதே செயலி. ஷம்ஷாத்தின் போன் நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

அவனை எழுதுவதில் எனக்குத் திண்டாட்டம். முதலில் சிவந்த கண்கள் கொடுத்தேன். அடித்தேன். பிறகு வெற்றிலைக் கறை, அதையும் அடித்தேன். அவன் உண்மையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு, மாலை நாலரை மணிக்கு வந்தான். லாரன்ஸை 'அண்ணே' என்றான். லாரன்ஸ் அவனை உள்ளே விட்டுவிட்டார். மூன்றாவது மாடி ஏறி வந்து எங்கள் மணியை அழுத்தினான். ஷம்ஷாத் கதவுத் துளை வழியே பார்த்தார். கையிலிருந்த முந்தானையைக் கீழே விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாளவிகா கதவைத் திறக்கவில்லை. "ஆத்துல யாரும் இல்லைன்னு சொல்லுங்கோ" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். உள்ளேயிருந்துகொண்டு யாரும் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? "ஷம்ஷாத், நல்லாக்கீறியா? கொயந்த இஸ்கூலுக்குப் போவுதா? பிஸ்கட்டு வாங்கியாந்துக்கீறேன்" என்று அவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். பத்து நிமிஷம் கழித்து லாரன்ஸ் வந்து அவனை அழைத்துப் போனார்.

5

பதிவை நீக்கச் சொல்லி ஷம்ஷாத்துக்காக நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வந்தது. நீக்க வேண்டுமானால், கேட்பவர் அவர்தான் என்று உறுதிசெய்ய முகத்தை மறுபடி படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். மேலே, அரசு வாரியத்திடம், புகார் செய்யலாம்; அதற்கு முன்னால் நிறுவனத்திடமே முறையிட்டுத் தீர்த்திருக்க வேண்டும். இதையெல்லாம் நான் கற்பனை செய்திருந்தால் 'மிகைப்படுத்தாதே' என்று நானே அடித்திருப்பேன்.

அந்தக் கோபத்தில் கதையை எழுதி முடித்தேன். கடைசிப் பகுதி நன்றாக வந்திருப்பதாக எனக்கே ஒரு மமதை. அச்செடுத்து ஷம்ஷாத்திடம் கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

6

அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விரலை ஓட்டிப் படித்தார். நான்காம் பகுதியில் விரல் நின்றது.

"லாரன்ஸ் அண்ணன் உள்ள வுடல சார்."

"என்னம்மா?"

"அவரு செல்லுல தட்டினாரு. உங்க செல்லுலேர்ந்து 'அனுமதி'ன்னு வந்துச்சு. அப்புறந்தான் வுட்டாரு. அவரு எனக்குக் காமிச்சாரு."

உண்மைதான். அன்று நாலரை மணிக்கு என் செல்போன் கூவியது. கூரியர்காரர் என்று நினைத்து, படிக்காமல், கட்டைவிரலால் அழுத்தினேன். விஷயம் தெரிந்தேதான் பழியை லாரன்ஸ் தலையில் கட்டி எழுதியிருந்தேன். கதைக்குக் கச்சிதமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மாளவிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்னா, என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க?"

ஷம்ஷாத் அதற்குள் முதல் பக்கத்துக்குத் திரும்பியிருந்தார். "இந்த சம்மதம்னு எழுதினது நீங்கதானா? நெசமாவா?" அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "என் நிக்காஹ்ல மூணு வாட்டி கேட்டாங்க சார், கபூலா, கபூலான்னு. அதான், சம்மதமான்னு. நான் வாயே தொறக்கல. வெக்கப்படுறா, அப்போ சம்மதந்தான்னு பெரியவங்களே முடிச்சுட்டாங்க. இருந்தாலும் மூணு வாட்டி கேட்டாங்க. இந்தச் செல்லு ஒரு வாட்டி கேட்டுச்சு, சின்ன எழுத்துல." தாள்களைத் தட்டி அடுக்கினார். "நீங்க கேக்கவே இல்லியே சார்."

வெட்கமாக இருந்தது. வேறு நல்ல சொல் தேடவில்லை, வெட்கம்தான். கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"கிழிக்கறதுக்கு எதுக்கு எழுதினீங்க? பேனா குடுங்க."

அவர்தான் திருத்தினார். பெயரை மாற்றச் சொன்னார். தொழிலையும் ஊரையும் மாற்றச் சொன்னார். மணிக்கட்டை நானே அடிக்கப் போனேன், தடுத்துவிட்டார். "அது இருக்கட்டும். அத்த நாலு பேரு படிக்கட்டும்." லாரன்ஸ் விஷயத்தை, நான்காம் பகுதியில் நான் எழுதிய பொய்யை, திருத்தாமல் அப்படியே விட்டு, உண்மையை இங்கே போடச் சொன்னவரும் அவர்தான்.

பிறகு கடைசிப் பகுதிக்கு வந்தார். ஒரு தடவை படித்தார். ஒவ்வொரு வரியாக, அவசரமே இல்லாமல், அடித்துக்கொண்டே போனார்.

7

அதற்குப் பிறகு ஷம்ஷாத்தும் ரூஹியும்

[இங்கே மூன்று பத்திகள் இருந்தன. சம்பந்தப்பட்டவர் அடித்துவிட்டார்.]

8

முடிவு இல்லாமல் ஒரு கதையை உங்கள் கையில் கொடுப்பது மரியாதை இல்லை என்று தெரியும். அதனால் வேறு முடிவுகளை முயன்று பார்த்தேன். சங்கம் செயலியை நீக்கியது என்று ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தார். காஷிஃப் மனம் திருந்தினான் என்று ஒன்று எழுதினேன். மாளவிகா அதை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். தூரத்து ஊரில் ஷம்ஷாத் நிம்மதியாக இருக்கிறார் என்று எழுத உட்கார்ந்தால், அது எந்த ஊர் என்று நீங்கள் கேட்பது எனக்கே கேட்கிறது. எந்த முடிவை எழுதினாலும் அது ஒரு முகவரியில் போய் நிற்கிறது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். மாளவிகாவுக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

அந்தப் பெண் பத்திரமாக இருக்கிறாளா, குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா, இதை மட்டுமாவது சொல்லுங்கள் என்கிறீர்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள், சந்தேகமே இல்லை. பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து நின்றவனும் அதையேதான் கேட்டான்.