அகத்திக்கீரை தின்ற கன்று

செமினி ஊருக்கு அப்பால், ரப்பர் மரங்களை வெட்டிய நிலத்தில் இருந்தது அந்த ஆய்வுக்கொட்டகை. அங்கே ஒரு கன்றுக்குத் துணையிருப்பதுதான் புனிதவதியின் வேலை. கன்றின் நெஞ்சுக்குள், இதயத்துக்கு உதவியாக ஒரு பம்பு வைத்திருந்தார்கள். விலாவிலிருந்து வந்த ஒயர் சுவரோரத்து இயந்திரத்தில் போய் முடிந்தது. ஒயர் இழுபடக்கூடாது என்பதால் கன்றால் திரும்பவும் முடியாது. தொண்ணூறு நாள் தாங்கினால் பம்பு தேறியது என்று அர்த்தம். பிறகு கன்றை அறுத்து, பம்பை வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். அன்று அறுபத்தோராம் நாள்.

இருபத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒற்றை அறை வீடு. கல்யாணம் கூடிவரவில்லை. போன வாரம் மாட்டுப் பொங்கலன்று, யாருக்காகப் பொங்குவது என்று அடுப்பை மூட்டாமலே கிளம்பியவள், பாசாரில் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கினாள். மாடு இருக்கிற இடத்தில் அகத்தி கொடுக்காமல் அந்த நாள் போகலாமா? கன்று ஆசையாகத் தின்றது. அவள் மணிக்கட்டையும் நக்கியது. மறுநாளும் வாங்கினாள். அப்படியே ஏழு நாள் ஆகிவிட்டது.

காலையில் டாக்டர் யோகநாதன் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார்.

"என்ன சிஸ்டர், ரத்தம் இவ்வளவு சீக்கிரம் உறையுது? உறையாம இருக்கக் கொடுக்கிற மருந்து ஒழுங்காத்தானே போவுது?"

"போவுது டாக்டர்."

"பம்புக்குள்ள ஒரு கட்டி அடைச்சா கதை முடிஞ்சது லா. இன்னையிலேருந்து டோஸை டபுள் பண்ணிடுவோம்."

அவர் எழுதுவதற்கு அறைக்குள் போனார். கொட்டகையைக் கூட்டும் கன்னையா எட்டிப் பார்த்தான்.

"மூஞ்சியப் பாத்தீங்களா சிஸ்டர்? மொதல்ல அவருக்கு ஒரு பம்பு வைக்கணும் போல!"

புனிதவதிக்குச் சிரிப்பு வரவில்லை. கீரை அந்த மருந்தை முறிக்கும். எத்தனை நோயாளிகளிடம் அவளே அதைச் சொல்லியிருக்கிறாள்! எப்படி மறந்தாள்? மறக்கவில்லை. கன்றை ஒரு நோயாளியாக அவள் நினைக்கவே விரும்பவில்லை.

சத்தமில்லாமல் கீரையை நிறுத்திவிடலாம். ஆனால் கீரை இல்லாத உடம்பில் இரட்டை மருந்து இறங்கினால், உள்ளுக்குள் ரத்தம் கசிந்தே கன்று செத்துப்போகும். நிறுத்தாமல் தினமும் ஒரு கட்டு கொடுத்துக்கொண்டே போனால், இரட்டை மருந்துக்கு அது ஈடாகிவிடாதா? அந்த யோசனையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெட்கமாக இருந்தது. சொன்னால் கன்றுப் பக்கமே விடமாட்டார்கள். மிச்சம் இருப்பதோ இருபத்தொன்பது நாள்.

கதவைத் தட்டினாள்.

"டோஸை ஏத்தாதீங்க டாக்டர். நான் அகத்திக்கீரை கொடுத்தேன். ஏழு நாளா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களா சிஸ்டர்? வேற யாராச்சும்னா எனக்குப் புரியும்."

"மாட்டுப் பொங்கலுக்குன்னு கொடுத்தேன். அப்புறம்... அது கேட்டிச்சி."

"மாடு கேட்டிச்சா?"

அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "இனிமே ரெக்கார்ட்ஸ் ரூம்ல இருங்க. இதைக் கன்னையா பாத்துக்கட்டும்," என்று மெதுவாகச் சொன்னார்.

கன்னையாவிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். "வாளியக் கீழ வைக்காதீங்க, கையிலயே புடிங்க. புதுக் கைன்னா முரண்டு புடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கன்னையா வாளியை நீட்டினான். கன்று யோசிக்கவே இல்லை. தலையை உள்ளே விட்டுத் தின்றது. பட்டினி கிடந்தால் அதற்குத்தான் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு வாய் மறுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே ரெக்கார்ட்ஸ் அறைக்கு நடந்தாள்.