புகைபோக்கி முழுகுமிடம்

திருவொற்றியூர்க் குப்பத்துக்குக் கடலில் ஓர் எல்லை உண்டு. கட்டுமரம் போகப் போகக் கரை தாழ்ந்து, கடைசியில் தீப்பெட்டிக் கம்பெனிப் புகைபோக்கியின் நுனியும் தண்ணீரில் முழுகிவிடும். அங்கே திரும்பிவிட வேண்டும். அதற்குள் கிடைப்பது நெத்திலி, காரப்பொடி மாதிரிப் பொடிமீன்தான். அதையே தின்று, அதையே விற்று, வெள்ளைக்காரன் போன பிறகும் குப்பம் அப்படியேதான் கிடந்தது.

வஞ்சிரம் பிடிக்காமல் விடுவதில்லை என்று ஜெயவேலு ஒருவன்தான் அந்த எல்லையைத் தாண்டினான். அவன் வரவில்லை, கட்டுமரம் மட்டும் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. இன்னொரு மரத்தில் கூடப் போன தம்பி நீலமேகம் எல்லையிலேயே திரும்பிப் பிழைத்துக்கொண்டான்.

அன்று முதல், புகைபோக்கி முழுகும் இடத்தில் நீலமேகத்துக்கு ஒரு குரல் கேட்கும். "போதும்... திரும்பு..." உடனே மரத்தைத் திருப்பிவிடுவான். செத்தும் அண்ணன் காவல் காக்கிறான் என்று குப்பமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நீலமேகத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. பயந்தாங்கொள்ளிக்குப் பேயைவிடத் தோதான துணை வேறென்ன இருக்கிறது?

அவன் பெண்டாட்டி குப்பம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. நெத்திலிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே ஒருநாள் கேட்டுவிட்டாள்: "உங்கண்ணன் செத்தும் ஊரே பேசிக்கினு கீது. நீ உசுரோட கீற, எவனாவது பேசுறானாய்யா?"

மறுநாள் அந்தப் பேச்சு உறுத்த, நீலமேகம் எல்லையில் துடுப்பை நிறுத்தவில்லை. குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வந்தது. ஆனால் அண்ணன் முழுகிய பக்கமிருந்து அல்ல. முதுகுக்குப் பின்னால், கரைப் பக்கமிருந்து.

"போதும்! திரும்பு!"

ஜெயவேலு வாயில் 'போதும்' என்ற சொல்லே வந்ததில்லை, சோற்றுத் தட்டின் முன்னால்கூட. அன்று எல்லையில் நின்று அண்ணனைப் பார்த்துக் கத்திய தன்னுடைய குரல்தான் அது. பயத்தில் கீச்சிட்ட அதே குரல். நீலமேகம் அழுதான். அழுதுகொண்டே துடுப்புப் போட்டான்.

பிற்பகலில் ஆள் நீளத்துக்கு ஒரு வஞ்சிரத்தோடு கரையேறினான். குப்பமே கூடிவிட்டது. குப்பம்மா மட்டும் மீனைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள். கிட்ட வந்து மெதுவாகக் கேட்டாள்: "உங்கண்ணன் கூப்புடலியா?"

"அவன் ஒரு தபாகூட என்னிய திரும்புன்னு சொன்னதில்ல மே," என்றான் நீலமேகம். "அன்னிக்கி, கூட வாடா, ரெண்டு பேரா போனா ஒண்ணும் ஆவாதுன்னு கெஞ்சினான்."