பதினோரு விநாடி

முதலில் கொழுந்தனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாடிக்கையாளர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. எதைக் கேட்டாலும் அஞ்சு நிமிஷ வேலை என்பான். பிறகு அதை அண்ணியின் தலையில் கட்டிவிட்டு வெளியே போய்விடுவான். டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை; அதுதான் அவனுடைய ஸ்டுடியோ. அங்கே கணினி முன்னால் உட்கார்ந்து படத்தை வெட்டி, ஒட்டி, ஒலி சேர்ப்பது அண்ணி. கதையும் அவளுடையதுதான்.

அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் படம் ஒன்றைத் திரையிட வேண்டும். எட்டு நிமிடப் படம். அதில் ஒரு பிரஸ் ஆபரேட்டர் பேசுகிறார். தகடு அழுத்தும் இயந்திரத்துக்கு வலது கையில் மூன்று விரல்களைக் கொடுத்தவர். பேச்சு வேகத்தில், தடுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்ன சூப்பர்வைசரின் பெயரையும் சொல்லிவிட்டார். ஒரே மூச்சில் எடுத்த காட்சி. இன்னொரு முறை பேசச் சொன்னபோது இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார். படப்பிடிப்பு முடிந்ததும் அண்ணியிடம் வந்து நின்றார்.

“அந்தப் பேரு மட்டும் வராம பாத்துக்கம்மா. இப்ப ஸ்டோர்ல உக்கார வெச்சிருக்காங்க. பேரு வந்துச்சுன்னா அதுவும் போயிடும்.”

“வராதுண்ணே. அதுக்கு நான் பொறுப்பு.”

பொறுப்பு என்று சொன்னவள் மூன்று நாள் அதற்காக உட்கார்ந்தாள். அவள் பயன்படுத்தும் மென்பொருளில் ஒலியின் அளவு ஒரு கோடாகத் தெரியும். படத்தை ஓடவிட்டு, காதால் கேட்டபடி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் பொத்தானை மேலும் கீழும் தள்ளினால், அந்த ஏற்ற இறக்கங்களை மென்பொருளே கோட்டின்மேல் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். பெயர் வரும் இடத்தில் ஆபரேட்டரின் குரலை இறக்கினாள், பின்னணியில் ஓடும் இயந்திரச் சத்தத்தை ஏற்றினாள். கேட்பவருக்கு இயந்திரம் தானாகக் குறுக்கே புகுந்ததுபோல்தான் இருக்கும். மற்ற இடங்களில் அவர் மூச்சு வாங்கும்போது இசை எழும், பேசும்போது அடங்கும். தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு நேற்று வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்ததும், அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கேட்டாள். நான்காவது நிமிடத்தில் சூப்பர்வைசரின் பெயர் கணீரென்று விழுந்தது. அடுத்த பதினோராவது விநாடியில், “எம்பொண்ணுதான் இப்ப எனக்குச் சட்டைப் பித்தான் போட்டு விடுது” என்று அவர் சொல்லும் இடத்தில், அவர் வாயில் சாக்கைத் திணித்ததுபோல் இயந்திரம் அலறியது.

“தம்பி, இத யாரு தொட்டது?”

“நான்தான் அண்ணி. ஆரம்பத்துல மொதலாளி நடந்து வர்றாருல்ல, அதுல வயிறு பெருசா தெரியுதாம். எடுக்கச் சொல்லி ராத்திரி போன். பதினோரு செகண்டு வெட்டிட்டேன். அஞ்சு நிமிஷ வேலைதான?”

“வெட்டிட்டு?”

“சேவ் பண்ணி மூடிட்டேன்.”

வேறு பெயரில் சேமிக்கும் பழக்கம் அவனுக்கு என்றுமே கிடையாது. ஆக, திரும்பிப் போகிற வழியும் அடைத்தாயிற்று. நடந்தது இவ்வளவுதான்: முன்னால் வெட்டியதும் படமும் குரலும் பதினோரு விநாடி முன்னே நகர்ந்துவிட்டன. புள்ளிகள் நகரவில்லை. அவை குரலோடு ஒட்டியவை அல்ல, கடிகாரத்தோடு ஒட்டியவை. குடித்தனம் மாறிப் போன வீட்டு வாசலில் பழைய காவல்காரன் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தன.

உதவிப் பக்கத்தைத் திறந்தாள். ஏழு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் இதே கேள்வியைக் கெஞ்சாத குறையாகக் கேட்டிருந்தார். மென்பொருள் நிறுவனத்தின் பதில் ஒரே வரி: இது கோளாறு அல்ல, இப்படி இயங்கும்படிதான் அமைக்கப்பட்டுள்ளது. அதன் கீழே இருநூறு பேர், “எனக்கும்” என்று எழுதி வைத்திருந்தார்கள்.

“எச்ச தட்டுல சோத்தப் போட்டுட்டு, எங்க வீட்டுல இப்படித்தான் போடுவோம்னு சொல்றானுங்க பாரு,” என்றாள்.

“திட்டாதீங்க அண்ணி. கம்ப்யூட்டர் கேட்டுட்டு நின்னுடும்.”

“நீ பேசாத.”

புள்ளிகளை மொத்தமாகப் பிடித்து இழுத்தாள். பாதி வந்தன, பாதி வரவில்லை. சரி, மறுபடி எழுதிவிடுவோம் என்று படத்தை ஓடவிட்டு, பெயர் வந்ததும் ஃபேடரை இறக்கி, பெயர் முடிந்ததும் கையை எடுத்தாள். ஃபேடர் மேலே வரவில்லை. கை விட்ட இடத்திலேயே படுத்துக்கொண்டு, அடுத்த ஒரு நிமிடப் பேச்சையும் ஊமையாக்கிவிட்டது. வேறொரு முறைக்கு மாற்றினாள். அது கையை எடுத்ததும் முந்திக்கொண்டு மேலே ஏறியது. பெயரின் பின்பாதி வெளியே கேட்டது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. சரிதானா என்று பார்க்க மறுபடி ஓடவிட்டாள். எழுதும் முறையை அணைக்க மறந்திருந்தாள். கேட்கக் கேட்கவே அத்தனையும் அழிந்துகொண்டு போனது.

நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். தலைமயிரில் ஈர் அப்பியதுபோல் கோடெங்கும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். பார்க்கப் பார்க்க உடம்பு கூசியது. அதில் கை வைக்கவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் வைத்தாள். பன்னிரண்டரை மணிக்கு ஒருவழியாகப் பெயர் மறைந்தது, பித்தான் பேச்சு கேட்டது.

அந்த நேரத்தில் பிரஸ் ஆபரேட்டரே போன் செய்தார்.

“என்னம்மா, பேரு எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சுண்ணே. அந்த எடத்துல மெஷின் சத்தத்த ஏத்திட்டேன். ஸ்பீக்கர்ல காத வெச்சாலும் கேக்காது.”



“படத்துல என் வாய் தெரியுமா?”

“தெரியும். மொகம்தான் முழுசா இருக்கு.”

“அப்ப எல்லாருக்கும் கேட்டுடும்மா. எங்க பிரஸ் ஷாப்புல காதால யாரு கேக்குறா? அந்த இரைச்சல்ல இருபது வருஷமா வாயப் பாத்துத்தான் பேசிக்கிறோம். சூப்பர்வைசரும் அங்கேர்ந்து வந்தவருதான். மொத ஆளா படிச்சிருவாரு.”

மூன்று நாளும் ஒரு காலைப்பொழுதும் இரைச்சலைக் கூட்டிக் குறைத்து எதை மறைத்தாள்? இரைச்சலுக்குள்ளேயே பேசப் பழகியவர்களிடமிருந்து பெயரை இரைச்சலால் மறைத்திருக்கிறாள். மென்பொருளை வைத வாயால் தன்னையும் ஒரு பாட்டம் வைதுகொண்டாள்.

“போன வைங்கண்ணே. படத்தையே வெட்டிடறேன்.”

அந்த வாக்கியம் முழுவதையும், முகம் குரல் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி எடுத்தாள். நான்கு விநாடி. அவர் தலை இடப்பக்கம் இருந்து வலப்பக்கத்துக்கு வெடுக்கென்று குதித்தது. அதற்குப் பின்னால் இருந்த புள்ளிகள் மறுபடியும் நகராமல் நின்றன. பித்தான் மேல் இசை ஏறி உட்கார்ந்தது.

அவள் திருத்தவில்லை. எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். இசையையும் எடுத்து எறிந்தாள்.

“அண்ணி, என்ன பண்றீங்க? வெறும் பேச்சா நிக்குது. தலை வேற தூக்கிப்போடுது.”

“போடட்டும்.”

“மியூசிக் எங்கன்னு கேப்பாங்களே.”

“மியூசிக் விக்கிற கடைக்காரன் தரலன்னு சொல்லு. ஒரு அஞ்சு நிமிஷம் உன்னால அவங்கள சமாளிக்க முடியாது?”

அவன் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போனான்.

நாலரை மணிக்கு அரங்கத்திலிருந்து பேசினான். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம்.

“முடிஞ்சுது அண்ணி. சத்தம் கம்மியா இருந்துச்சுன்னாரு மொதலாளி. வயிறு தெரியலங்கிறதால விட்டுட்டாரு.”

“அந்த ஆபரேட்டரு?”

“மொத வரிசையில உக்கார வெச்சாங்க. பக்கத்துல அந்த சூப்பர்வைசர்.”

“சூப்பர்வைசர் மொகம் எப்படி இருந்துச்சு? நல்லா பாத்தியா?”

“நல்லாத்தான் இருந்தாரு. மொத ஆளா கை தட்டினது அவருதான். அப்புறம் எந்திரிச்சு, கண்ணு கலங்க, ஆபரேட்டரோட அந்தக் கையப் புடிச்சுக் குலுக்கினாரு. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க.”

அந்தக் கையைத்தான் பிடித்தானா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள். தட்டட்டும். கண் கலங்கட்டும். தன் பெயர் சொல்லப்பட்டது அவனுக்குத் தெரியாத வரைக்கும் ஆபரேட்டருக்கு ஸ்டோரில் ஒரு நாற்காலி இருக்கும்.

“அண்ணி, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். நாளைலேர்ந்து நீ எதையும் தொடாத,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.