தடம் பார்க்க வந்தவள்

ஊர் மாறப்போகிறவர்கள் வழக்கமாகத் தண்ணீரைப் பற்றி விசாரிப்பார்கள், பஸ் வசதியைப் பற்றி விசாரிப்பார்கள். ஹப்சா கேட்டது வேறு.

"வில்லியனூருக்கு வர மாட்டேன்னு நான் சொல்லல. மவுண்டன் பைக் ஓட்ட அங்க வழி இருக்கான்னு நானே போய் ஓட்டிப் பார்க்கணும். அப்புறம்தான் முடிவு சொல்வேன்" என்றாள் தன் கணவன் மாலிக்கிடம்.

மாலிக்கின் சொந்த ஊர் வில்லியனூர். பத்து வருடங்களாகக் குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் வேலை. அவனுடைய வாப்பா இறந்தபின் வில்லியனூர் பம்ப் செட்டுக் கடையை அண்ணன் ரிஃபாத் ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் முடியவில்லை, தம்பி குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று மூன்று மாதமாக ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஹப்சா குன்னூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். முப்பத்தோரு வயதுவரை அவள் எந்த சைக்கிளிலும் ஏறியதில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரி தன் பழைய மவுண்டன் பைக்கை விற்றபோது, என்ன தோன்றியதோ, வாங்கிவிட்டாள். இரண்டாம் மாதமே ஒரு கொண்டை ஊசி வளைவில் விழுந்து முழங்கை முறிந்தது. கட்டுப் பிரித்த மறுவாரம் அதே வளைவுக்குப் போய் இறங்கிக் காட்டினாள். யாருக்குக் காட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சென்ற வருடம் ஊட்டியில் நடந்த போட்டியில் பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தாள். காலை ஆறிலிருந்து எட்டுவரை தேயிலைச் சரிவுகளில் அவள் யாருக்கும் மனைவியும் இல்லை, மருமகளும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு எந்த ஊருக்கும் போவதாக இல்லை.

விஷயம் கேள்விப்பட்டதும் ரிஃபாத் ஃபோனில் சிரித்த சிரிப்பு பக்கத்து அறைவரை கேட்டது. "மலையே இல்லாத ஊர்ல மலை சைக்கிளா? கடல்ல போய் மாடு மேய்ப்பேன்னு சொல்றா மாதிரி இல்ல இருக்குது!"

ஹப்சா கணவனின் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள். "மலை இல்லன்னா பள்ளம் இருக்கும்ல மச்சான். நான் பள்ளத்துல ஓட்டிக்கறேன்."

பிப்ரவரியில் நான்கு நாள் விடுப்பு போட்டாள். சக்கரங்களைக் கழற்றி, வண்டியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸின் அடியில் ஏற்றிக்கொண்டு தனியாகவே வந்து இறங்கினாள். கூடத்தில் உட்கார்ந்து அவள் வண்டிக்குச் சக்கரம் பூட்டுவதை மாமியார் ரஹ்மத் பீவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மட்காடு இல்லியா? சேறு முதுகெல்லாம் அடிக்குமே" என்றார் கடைசியில்.

முதல் நாள் ரிஃபாத்தே வழிகாட்டக் கிளம்பினார். மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினார். கல் பதித்த நடைபாதை, உட்கார சிமென்ட் பெஞ்சு, வேக நடை போடும் கூட்டம்.

"இங்க பாரு, எவ்ளோ நீட்டா கீது. சேஃப்டி. பொம்பளைங்களுக்கு இது போதும்."

ஹப்சா அந்தக் கோடிவரை போய்த் திரும்பினாள். முதுகுப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஏற்றம், இறக்கம், தரை, தனியாகப் போகலாமா, மொத்த மதிப்பெண் என்று கட்டம் போட்டு வைத்திருந்தாள். கடைசிக் கட்டத்தில் பத்துக்கு ஒன்று என்று எழுதினாள்.

"ஒண்ணா?" என்றார் ரிஃபாத், எட்டிப் பார்த்து.

"இது ரோடு மச்சான். நாளையிலேர்ந்து நான் தனியாவே போய்க்கறேன். நீங்க கடையைப் பாருங்க."

ரிஃபாத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஹெல்மெட்டுக்கு அடியில் தலைத்துணி கட்டிக்கொண்டு, முட்டிக்காப்பு மாட்டிக்கொண்டு தம்பி பெண்டாட்டி தனியாகச் சுற்றினால் ஊர் என்ன நினைக்கும் என்று வீட்டுக்கு வந்து புலம்பினார். "ஊருக்கு அதை விட்டா வேற வேலை இல்லியா?" என்று ரஹ்மத் பீவி தட்டில் சோற்றைப் போட்டார்.

இரண்டாம் நாள் உறுவையாறு. ஆற்றங்கரையில் மேடும் பள்ளமுமாக ஒற்றையடிப் பாதை ஒன்று ஓடியது. அரை மணி நேரம் ஹப்சாவுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பிறகு சீமைக்கருவேல முள் வேலையைக் காட்டியது. ஐந்து பஞ்சர். ஒட்டுப்போட வைத்திருந்த ரப்பர் தீர்ந்துபோக, மதிய வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வில்லியனூர் வரை நடந்தாள்.

கடை வாசலில் நாலைந்து வாடிக்கையாளர்கள். "இன்னாமா, மலை ஏறிட்டியா?" என்றார் ரிஃபாத் எல்லோருக்கும் கேட்கும்படி.

வீட்டுக்குள் ஓடிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிச் செய்யக்கூடாது என்று அடுத்த கணமே தோன்றியது. வண்டியைக் கடை வாசலிலேயே கவிழ்த்துப் போட்டாள். பக்கத்துக் கடையில் ஒட்டு ரப்பர் வாங்கி வந்தாள். மோட்டாரைச் சோதிக்க வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கி, குமிழி வந்த இடங்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள். முக்கால் மணி நேரம். ஆழ்குழாய்க்கு மோட்டார் வாங்கவந்த ஒருவர் கிட்டே வந்து, "ரப்பரு மேல இன்னும் கொஞ்சம் அழுத்தணும்மா" என்று சொல்லித் தானே கட்டைவிரலால் அழுத்திக் கொடுத்தார். ரிஃபாத் உள்ளே போய்விட்டார்.

அந்த வழிக்கு மூன்று.

மூன்றாம் நாள் பாகூர் ஏரிக்கரையில் ஏறி, வயல்களுக்கு நடுவே கிருமாம்பாக்கம் வரை போனாள். பச்சை, காற்று, கொக்கு. கண்ணுக்குக் குறையில்லை. ஆனால் தோசைக்கல் மாதிரி தட்டை. பெடல் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானாக நான்கடிகூட ஓடவில்லை. நான்கு போட்டாள்.

மாலிக் ஃபோனில், "விட்டுடலாம் ஹப்சா. அண்ணன்கிட்ட வரலைன்னு நானே சொல்லிடறேன்" என்றான். குரலில் வருத்தத்தை மறைக்கப் பார்த்தான், முடியவில்லை.

"இன்னும் ஒரு நாள் இருக்கு" என்றாள்.

ஃபோனில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுத்துக்கேணிக்கு வடக்கே ஓரிடத்தில் பூனை பிறாண்டியதுபோல் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. தண்ணீர் அரித்த ஓடைகளாக இருக்க வேண்டும். ஓடை இருந்தால் சரிவு இருக்கும்.

நான்காம் நாள் விடியும்போதே கிளம்பிவிட்டாள். முந்திரித் தோப்பைத் தாண்டி வண்டியை இறக்கியதும் தரை திடீரென்று காலடியில் பிளந்தது. செக்கச்செவேலென்ற மண். இரண்டு ஆள் ஆழத்துக்கு ஓடைகள் பாம்புபோல வளைந்து வளைந்து இறங்கின. ஹப்சா விளிம்பில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாருமா அது? வுழுந்து கிழுந்து வச்சிடாத!"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எதிர்மேட்டில் நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் அமிர்தம் என்று பிறகு சொன்னாள். ஹப்சா என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுலயா? சைக்கிள்லயா?"

முதல் இறக்கத்திலேயே ஹப்சா குப்புற விழுந்தாள். முழங்காலில் ரத்தம். எழுந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு மேலேறி மறுபடி இறங்கினாள். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் சக்கரம் வழுக்கியது.

"நேரா இறங்காத. ஆட்டுத்தடம் பாரு, எப்பிடிக் குறுக்கால போவுது?" என்று அமிர்தம் கோலால் காட்டினாள்.

மூன்றாம் தடவை ஆட்டுத்தடத்தின்மேல் விட்டாள். வண்டி சரிவைச் சாய்வாக வெட்டி, ஒரு வளைவு, இன்னொரு வளைவு, வேரைத் தாண்டி ஒரு குதி என்று வழிந்துகொண்டே போனது. குன்னூரில்கூட இப்படி ஒரு இறக்கம் அவளுக்கு வாய்த்ததில்லை. கடைசி வளைவைத் திரும்பியதும் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தாள்.

ஓடை அங்கே இல்லை. பத்தடி தள்ளிப் பெரும்பள்ளம். அதற்குள் ஒரு பொக்லைன் செம்மண்ணை வாரி டிப்பர் லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது.

லாரிப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். வீரமணி, மண் எடுப்பதை மேற்பார்வை பார்க்கிறவன். "யாரு நீ? யாரைக் கேட்டு உள்ள வந்த?"

"நீங்க யாரைக் கேட்டு வெட்டறீங்க?"

"பட்டா நிலம்."

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அமிர்தம், "பட்டாவா? எல்லைக்கல்லு அங்க கீது பாரு. கல்லைத் தாண்டி மேய்ச்சல் புறம்போக்குல வெட்டிக்கினு பட்டாவாம் பட்டா!" என்று கத்தினாள்.

வீரமணி அவளைப் பார்க்கவே இல்லை. ஹப்சாவிடம் நிதானமாகச் சொன்னான். "அடுத்த மாசம் வந்து பாரு. ஓடையும் இருக்காது, மேடும் இருக்காது. அப்ப இன்னாத்த ஓட்டுவ? வூட்டுக்குப் போ."

கட்டுப் பிரித்த கையோடு அந்த வளைவுக்குப் போன அன்று எழுந்த சூடு ஹப்சாவுக்குள் மறுபடி எழுந்தது. ஃபோனை எடுத்து, போகும் பாதையைப் பதிவு செய்யும் செயலி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டாள். "இருக்கறப்பவே ஓட்டிப் பார்த்துடறேன்" என்று சொல்லிவிட்டு எல்லைக் கல்லருகே போய்ப் படமெடுத்தாள். அங்கிருந்து பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, சரிந்து விழும் மண்ணில் சக்கரம் புதையப் புதைய, ஒரு முழுச் சுற்று சுற்றினாள். வீரமணி கத்தினான். டிப்பர்காரன் ஹாரனை அழுத்தியபடி அவள் பக்கம் திருப்பினான். அதற்குள் அமிர்தம் இருபத்து மூன்று ஆடுகளையும் லாரித் தடத்தில் இறக்கிவிட்டிருந்தாள். லாரி நின்ற இடத்திலேயே நின்றது.

முந்திரி நிழலில் உட்கார்ந்து முழங்காலைக் கழுவிக்கொண்டே ஹப்சா ஃபோனைக் காட்டினாள். படத்தில் பள்ளத்தின் உருவம் நீலக் கோடாகக் கிடந்தது. கல் ஒரு மூலையில். பள்ளத்தின் பெரும்பகுதி கல்லுக்கு அந்தப் பக்கம்.

அமிர்தம் அதை வெகுநேரம் பார்த்தாள். "தாலுக்கா ஆபீஸ்ல ரெண்டு தடவ மனு குடுத்தோம்மா. எங்க வெட்டறாங்கன்னு கேட்டாங்க. அங்கன்னு கைய காட்டுனா, அங்கன்னா எங்கன்றாங்க. இதக் குடுத்தா புரியும்ல?"

கடைத்தெருவில் படத்தை அச்செடுத்து மனுவோடு சேர்த்தார்கள். அமிர்தம் கையெழுத்துப் போட்டாள். ஊர்க்காரர்கள் இன்னும் ஏழு பேர் போட்டார்கள். ஹப்சா பேனாவை வாங்கக் கை நீட்டினாள்.

"நீ வாணாம்மா. ஊர்க்காரங்க போட்டாத்தான் செல்லும். நீ வெளியூரு" என்றாள் அமிர்தம். மனம் நோகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

ஹப்சாவுக்கு அது சுருக்கென்றது. "அப்ப ஊர்க்காரி ஆயிடறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது ரிஃபாத் தலையில் கை வைத்தார். "லாரிக்காரங்ககூட வம்பா? அவங்கள்லாம் நம்ம கடைக்கு வர்றவங்க. நாளைக்கு என்னை இன்னா கேப்பாங்க தெரியுமா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க, மச்சான். என் பேரையே சொல்லுங்க. நாங்க இங்க வரோம். நீங்க கேட்டது அதுதானே? ஆனா வீடு வில்லியனூர்ல இல்ல. சுத்துக்கேணி பக்கம் பார்த்துக்கறோம்."

ரிஃபாத் தாயின் பக்கம் திரும்பினார். ரஹ்மத் பீவி மருமகளின் முழங்காலுக்கு மஞ்சள் குழைத்துக்கொண்டே, "தடுக்க நெனச்சீனா நீயே போய்த் தடுத்துக்கோடா, என்னைக் கூப்பிடாத" என்றார் மகனிடம்.

குன்னூர் திரும்பியதும் மாலிக் நோட்டைப் புரட்டினான். சுத்துக்கேணிக்கு ஆறு போட்டிருந்தாள்.

"இங்க நம்ம எஸ்டேட் வழிக்கு எட்டு குடுப்ப. ஆறுக்காகவா எட்டை விடற?"

"பாதி ஓடையைத் தின்னுட்டாங்க, இல்லன்னா ஒன்பது போட்டிருப்பேன். மீதிப் பாதியையும் விட்டுட்டு இங்க உட்கார்ந்து எட்டுல ஓட்ட எனக்கு மனசு வராது, மாலிக்."

மார்ச் கடைசியில் தாலுக்கா ஆபீஸிலிருந்து அளக்க ஆள் வந்தது. அமிர்தம் ஆட்டுக்கோலோடு கூடவே நடந்தாள். பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கல்லைத் தாண்டியிருந்தது. அந்தப் பக்கம் வெட்டுவது நின்றது. போன மண் போனதுதான், ஒரு கூடைகூடத் திரும்ப வரவில்லை. ஆனால் மேலிருந்த மூன்று ஓடைகள் பிழைத்தன.

ஜூனில் சுத்துக்கேணி வீட்டில் சாமான்கள் வந்து இறங்கின. மாலிக் கடைக்குப் போகத் தொடங்கினான். ஹப்சாவுக்கு ஒரு லேபில் வேலை கிடைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குப் போனபோது இறங்கும் வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை. அமிர்தத்திடம் கவைக்கோல் வாங்கி முள்ளைத் தள்ளிவிட்டு இறங்கினாள். அடுத்த ஞாயிறும் முள். அதையும் தள்ளினாள். மூன்றாம் ஞாயிறு முள்ளோடு கண்ணாடிச் சில்லும் கிடந்தது. பொறுக்கிப் பையில் கட்டிக்கொண்டாள்.

நான்காம் ஞாயிறு முள் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது. பக்கத்தில் வீரமணி மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹப்சா வண்டியை மரத்தில் சாய்த்தாள். கையுறையை மாட்டினாள். சொந்தமாகக் கொண்டுவந்த அரிவாளை எடுத்துக் கிளை கிளையாக வெட்டி ஒதுக்க ஆரம்பித்தாள். இருபது நிமிடம் ஆயிற்று.

அவள் ஹெல்மெட்டை மாட்டியபோது வீரமணிக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு வேற வேலையே இல்லியா?"

"வாரத்துல ஆறு நாள் இருக்குண்ணே" என்றாள் ஹப்சா. "இது ஞாயித்துக்கிழமை வேலை."

முன்சக்கரத்தை விளிம்பில் வைத்து, பிரேக்கைத் தளர்த்தினாள். செம்மண் சரிவு அவளை வாங்கிக்கொண்டது.