கண்ணாயி வீட்டு வாஷ்பேசின்

கண்ணாயி குழாயைத் திறந்து கை கழுவினாள். மூடிவிட்டு அங்கேயே நின்று பார்த்தாள். புது வாஷ்பேசினில் பாதிக்குத் தேங்கிய தண்ணீர், போகலாமா வேண்டாமா என்று யோசனை செய்துகொண்டு கிடந்தது. அது வடிவதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும்போல் இருந்தது.

நாளைக் காலை பஸ்ஸில் சம்பந்தியம்மா பானுமதி வருகிறாள். இந்த பாத்ரூமைப் பார்ப்பதற்கென்றே வருகிறாள். மகள் சுமித்ராவுக்கு ஆறாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊரறிந்த வழக்கம்தான். ஆனால் ராசிபுரத்துப் பானுமதி வழக்கத்துக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை.

"ராத்திரில மழையில பாறைப் படி எறங்கி வெளிய போவோணும். அப்படிப்பட்ட ஊட்டுக்கு மாசமா இருக்கற புள்ளைய எப்படிங்க அனுப்பறது? உள்ளயே ஒரு பாத்ரூம் கட்டுங்க. வந்து பாத்துட்டு அனுப்பறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

கண்ணாயிக்குக் கோபப்படவும் வழியில்லை. சுமித்ராவை வயிற்றில் சுமந்தபோது அதே படியில் வழுக்கி விழுந்தவள் அவள். ஆகவே சாமை மூட்டைகள் கிடந்த பின்கட்டு அறையைக் காலி செய்து, டைல்ஸ் ஒட்டி, குழாய் வைத்து, பாத்ரூம் ஆக்கியாயிற்று. குளிக்கிற தண்ணீர் ஒழுங்காகப் போகிறது. பேசின்தான் மானத்தை வாங்குகிறது.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். பழகுனா செரியாப் போயிரும்" என்றார் கணவர் செங்கோட்டையன். மாடா என்ன, பழகுவதற்கு? கண்ணாயி செம்மேட்டுக்குப் போன் போட்டு, பைப் வேலை செய்த கார்த்தியையே வரவழைத்தாள்.

கார்த்தி பேசினுக்கு அடியில் தலையை விட்டு வளைகுழாயைக் கழற்றினான். கொஞ்சம் வெள்ளை சிமெண்டு வந்தது, அவ்வளவுதான். கீழே பக்கெட்டை வைத்துக் குழாயைத் திறந்தான். தண்ணீர் சோவென்று கொட்டியது.

"பேசின்ல கொறை இல்லீங்க அக்கா. செவுத்துக்குள்ள போற பைப்புலதான் அடைப்பு. டைல்ஸ் ஒட்டறப்ப கலவை உள்ள உழுந்து இறுகியிருக்கும்."

"வெளிய பாத்தியா சாமி?"

"வெளிய என்னங்க பாக்கறது? நான் போட்ட பைப்பு, நேரா உறிஞ்சுகுழிக்குத்தான் எறங்குது. நாலு டைல்ஸை ஒடைச்சாத்தான் வேலை ஆவும்."

"நாளைக்கு அவிய வாராங்களே!"

"நான் என்னங்க அக்கா பண்றது?"

வாசற்படியில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த செங்கோட்டையன், "கொத்தன் பண்ண வேலை அப்படி" என்று தன் பங்குக்கு ஒரு வார்த்தை போட்டார். கார்த்தி சுத்தியலை எடுத்தான். கண்ணாயி குறுக்கே போய் நின்றாள்.

"செத்த இரு. ஒரு தவலை சுடுதண்ணி ஊத்திப் பாத்துரலாம்" என்று விறகெடுக்கப் பின்பக்கம் ஓடினாள்.

சுவரை ஒட்டி விறகு அழகாக அடுக்கியிருந்தது. தாலி கட்டிய நாளிலிருந்து சொல்லாமல் ஒரு குச்சியை நகர்த்தாத மனுஷன், தானாக விறகு அடுக்கியிருக்கிறார் என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த கரைமேட்டைப் பார்த்தாள். பங்குனி வெயிலில் காடே வெடித்துக் கிடக்க, மேட்டில் நின்ற பலாக்கன்றின் அடி மட்டும் சேறாக இருந்தது.

நாலு கட்டையை இழுத்துப் போட்டாள். சுவரிலிருந்து வந்த பைப்பு குழிக்கு இறங்காமல், திரும்பி, மண்ணுக்குள் புதைந்து மேட்டைப் பார்க்க ஏறியது.

"ஏனுங்க! இங்க வாங்க!"

செங்கோட்டையன் வந்தார். மறைக்கவில்லை. "நாந்தான் திருப்பி உட்டேன். கை கழுவற தண்ணி சும்மாதான குழிக்குப் போவுது? பேரப்புள்ள பேருல வெச்ச கன்னு காயுதேன்னு உட்டேன். ஆடு மிதிக்காம இருக்க வெறகு அடுக்குனேன்."

கார்த்தி தலையில் கை வைத்தான். "மேட்டுக்கு எப்படிங்கண்ணா தண்ணி ஏறும்?"

"ஏன் ஏறாது? ஊத்துல இருந்து ஓஸ் பைப்பு போட்டுத்தான தண்ணி கொண்டாரோம்? நடுவுல ரெண்டு மேடு ஏறி எறங்கி வருதில்ல?"

"ஊத்து உங்க கூரைக்கும் மேல இருக்குது, அங்கிருந்து தள்ளிக்கிட்டு வருது. பேசினு இடுப்பு ஒசரம், மேடும் கிட்டத்தட்ட அதே ஒசரம். கசிஞ்சுதாங்க போவும்!"

செங்கோட்டையன் மேட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி மேட்டைப் பார்த்தார்.

"பேரப்புள்ளைக்கு மரம் வெச்சீங்க, செரி. அந்தப் புள்ளையே இங்க வராமப் போவப் பாத்துச்சே!" என்றாள் கண்ணாயி.

அவர் முகம் செத்துப்போயிற்று. கார்த்தியிடம் ரம்பத்தை வாங்கித் தானே பைப்பை அறுத்தார். கார்த்தி அதைப் பழையபடி குழிக்கு இறக்கிவிட்டுப் போனான்.

மறுநாள் பானுமதி வந்து காப்பியைக்கூடத் தொடாமல் பாத்ரூமுக்குள் நுழைந்தாள். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். பேசினில் ஒரு பக்கெட் தண்ணீரைச் சாய்த்தாள். மடமடவென்று இறங்கியது. கண்ணாயிக்கு மூச்சு வந்தது.

பானுமதி அதோடு விடவில்லை. பின்பக்கமும் போனாள். "இதென்னங்க, மேடு வரைக்கும் புதுசாத் தோண்டியிருக்குது?"

எலி தோண்டியது என்று சொல்லக் கண்ணாயி வாயெடுப்பதற்குள், பொய் சொல்லத் தெரியாத செங்கோட்டையன் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். ஊற்று, ஓஸ், பலாக்கன்று, பேரப்பிள்ளை, ஒன்றையும் விடவில்லை. கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டாள் கண்ணாயி.

பானுமதி உள்ளே போனாள். பக்கெட் நிறையத் தண்ணீரோடு திரும்பினாள். நல்ல புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடேறி, கன்றுக்கு ஊற்றினாள்.

"தண்ணி தானா மேடு ஏறாதுங்க சம்பந்தி. சொமந்துக்கிட்டுத்தான் ஏறோணும்" என்றாள் மூச்சு வாங்க. "அடுத்த மாசம் கட்டுச்சோத்தோட வாங்க. புள்ளைய அனுப்பி வெக்கறேன். நான் வாரப்பெல்லாம் இந்தக் கன்னு பச்சையா இருக்கோணும்."

செங்கோட்டையன் ஓடிப்போய் அவள் கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

கண்ணாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகம் கழுவ உள்ளே போனாள். கழுவக் கழுவ அழுகை வந்தது. பேசினில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை.