உங்க பாம்பு எங்க பாத்ரூம்ல

ஞாயிற்றுக்கிழமை காலை, தோசையைத் திருப்பிப் போடும் நேரத்தில் சுப்ரஜாவின் போன் அடித்தது. காலனி சங்கத்தின் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன்.

"மேடம், உங்க பாம்பு எங்க பாத்ரூம்ல இருக்கு."

"என் பாம்பா?"

"தாங்கல்லேர்ந்துதானே வந்திருக்கு? அப்ப உங்களுதுதான். உடனே வாங்க. ரமா வாஷிங் மெஷின் மேல ஏறி உட்கார்ந்திருக்கா."

கணவன் சூர்யநாராயணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "போன வாரம் உடும்பு. அதுக்கு முன்னாடி தவளை. பேசாம வாசல்ல 'ஜூ'ன்னு ஒரு போர்டு மாட்டிடு" என்றார்.

"தோசையைப் பாருங்க, கருகுது" என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்பக்கம் இருக்கும் அந்தக் காலனியில் தாங்கல் என்று ஒரு சின்னக் குளம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டட இடிபாடு, கிழிந்த மெத்தை, இளநீர் மட்டை, அதற்கு மேல் போர்வை போர்த்தியது போல ஆகாயத்தாமரை. தாம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் சுப்ரஜாதான் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். முதல் ஞாயிறு காலனியே திரண்டு வந்தது; கையுறை, தொப்பி, செல்ஃபி. இரண்டாவது மாதம் ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். அந்த ஏழெட்டுப் பேர்தான் சேற்றில் இறங்கி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். கரையில் புங்கனும் நீர்மருதும், சேற்றில் ஆம்பல் கொடியும் வைத்தார்கள். சம்புப் புல் யாரும் வைக்காமலே வளர்ந்து ஒரு ஓரத்தை அடைத்துக்கொண்டது. தண்ணீர் நின்றது. மீன்கொத்தி வந்தது. வாட்ஸப் குழுவில் மீன்கொத்திப் படத்துக்கு இதயங்கள் குவிந்தன.

மீன்கொத்தி மட்டும் தனியாக வந்துவிடுமா? தவளை வந்தது. தவளைக்காகப் பாம்பு வந்தது. எது வந்தாலும் போன் சுப்ரஜாவுக்குத்தான். முதல் மழை பெய்த மறுநாள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மோகன்ராஜ் கூப்பிட்டான். "அக்கா, கிளையன்ட் கால்ல இருக்கேன். தவளைய கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?" விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

பாத்ரூமில் இருந்தது உடம்பெல்லாம் கட்டம் போட்ட தண்ணீர்ப் பாம்பு. விஷம் கிடையாது. சுப்ரஜா வாளியைப் படுக்க வைத்துத் துடைப்பத்தால் மெதுவாக நெருக்கினாள். அதற்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை போல, விறுவிறுவென்று வாளிக்குள் போய்விட்டது. ஒரு முறத்தால் மூடிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் பண்ணாது மாமி, இறங்குங்க."

"அது வெளியில போகட்டும், அப்புறம் இறங்கறேன்" என்றாள் ரமா.

ஸ்ரீநிவாசராகவன் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார். "இது சரிப்படாது மேடம். அந்தச் சம்பு மொத்தத்தையும் எடுத்துடணும். புதன்கிழமை ஜேசிபி வரச் சொல்லப் போறேன்."

"சார், அதுக்குள்ளதான் தாழைக்கோழி கூடு கட்டியிருக்கு. முட்டை இருக்கு."

"முட்டை எங்க வேணா போட்டுக்கலாமே! அவ்ளோ பெரிய ஏரி இருக்கு."

வாளியோடு தாங்கலுக்கு நடந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், புங்க நிழலில், கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் முத்தாலம்மாள் கடை விரித்திருந்தாள். மீனைக் கழுவிக் குடலைக் கரையோரம் வீச, ஒரு கொக்கும் நாலு தெருநாய்களும் அடித்துக்கொண்டிருந்தன.

"எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? நாய் வருது, பறவையெல்லாம் தொரத்துது."

"இன்னா மேடம், நானா நாய வெத்தல பாக்கு வெச்சு கூப்ட்டேன்? இந்தக் கொக்கு வந்து குந்திகினு என் மூஞ்சியவே பாத்துகினு கீது. மனசு கேக்கல, போட்றேன். வாளில இன்னாது, விராலா?"

"பாம்பு."

"யம்மாடி, அந்தாண்ட போ!"

அன்று சாயங்காலம் சங்கக் கூட்டம். சுப்ரஜா எழுந்து, சம்புதான் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கிறது, குஞ்சு பொரிக்கிற வரைக்குமாவது பொறுங்கள் என்றாள். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் செயலாளர். அவள் கையைத் தவிர ஒரு கையும் எழவில்லை. ஜேசிபிக்குக் கை தூக்கச் சொன்னார். மோகன்ராஜ் தூக்கினான். மீன்கொத்திப் படம் போடுகிறவர்கள் எல்லாரும் தூக்கினார்கள். அவளோடு சேற்றில் இறங்கிய ஜெயசீலி டீச்சர்கூட, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று தயங்கித் தயங்கித் தூக்கினாள். அதுதான் சுப்ரஜாவுக்குத் தாங்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் படத்துல இருக்கிற குளம்தான் வேணும், இல்ல? அப்ப அதையே மாட்டி வெச்சுக்கோங்க!" தாங்கல் கேட்டின் சாவியை மேசை மேல் போட்டாள். "இனிமே எதுக்கும் என்னைக் கூப்பிடாதீங்க. எலி வந்தாலும் சரி, யானை வந்தாலும் சரி." வெளியே வந்ததும் முதல் வேலையாகக் குழுவிலிருந்து விலகினாள்.

புதன்கிழமை ஜேசிபி வரவில்லை. செவ்வாய் பிடித்த மழை விடவே இல்லை. வண்டி பம்மலில் எங்கோ அடைபட்ட கால்வாயைத் தோண்டிக்கொண்டிருந்தது. சுப்ரஜா தாங்கல் பக்கமே போகவில்லை. ஸ்டேஷனிலிருந்து சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தாள். போன் அடிக்காத நிம்மதி இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள், யாராவது கூப்பிட்டார்களா என்று அவளே எடுத்து எடுத்துப் பார்த்தாள். "உனக்கே இல்லாம இருக்க முடியல" என்றார் சூர்யநாராயணன். அதற்கும் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மழை விட்ட சனிக்கிழமை மாலை, சுற்றுவழி முழுக்க முட்டியளவு தண்ணீர். வேறு வழியில்லாமல் தாங்கல் தெருவில் திரும்பினாள். செயலாளர் வீட்டு வாசலில் கூட்டம். நடுவில் ஸ்ரீநிவாசராகவன், வெள்ளை வேட்டியோடு சேற்றில் குப்புறப் படுத்து, மழைநீர் வடிகாலின் உடைந்த மூடிக்குள் கையை விட்டிருந்தார்.

நெஞ்சுவலியோ என்று பதறி ஓடினாள். "சார்! என்ன ஆச்சு?"

"குஞ்சு மேடம், குஞ்சு! அம்மாக்காரி வரிசையா கூட்டிண்டு எங்க போர்ட்டிகோ வழியாத்தான் வந்தா. கடைசியா வந்த குட்டி இதுக்குள்ள விழுந்துடுத்து. கத்தறது, கேக்கறதா?"

கேட்டது, உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி. எதிர்ச்சுவரோரம், சிவந்த நெற்றியோடு தாழைக்கோழி, கரிப்பந்துகள் மாதிரி மற்றக் குஞ்சுகளை ஒட்ட வைத்துக்கொண்டு, அடிக்கடி குரல் கொடுத்தது.

"மூணு வருஷமா கூடவே இருக்கு. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுதா?" என்று கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"அப்புறம் திட்டுங்கோ மேடம்! என் கை எட்டலே!"

சுப்ரஜாவின் கையும் எட்டவில்லை. வியாபாரம் முடித்துக் கிளம்பிய முத்தாலம்மாள் கூடையை இறக்கி, அதை மூடியிருந்த வலைத்துண்டை உருவினாள். "இந்தா, இத்த கட்டி வுடு. சீக்கிரம், எனக்கு பஸ்ஸு போய்டும்." மோகன்ராஜ் ஒட்டடைக் கம்பு கொண்டுவந்தான். வலையைக் கம்பில் கட்டி, ரமா மேலே நின்று டார்ச் பிடிக்க, ஆளுக்கொரு யோசனை சொல்ல, மூன்று முறை தவறி, நாலாவது முறை குஞ்சு வலைக்குள் வந்தது. நனைந்து, நடுங்கி, மீன் வாடையோடு. ஸ்ரீநிவாசராகவன் அதை இரண்டு கையிலும் ஏந்திச் சுவரோரம் போய் இறக்கிவிட்டார். தாய் ஒரு தடவை பார்த்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போல எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சம்புக்குள் போய்விட்டது.

ஸ்ரீநிவாசராகவன் மறுநாள், ஜேசிபியே வேண்டாம் என்று குழுவில் செய்தி போட்டார். ஜெயசீலி டீச்சர் வீட்டுக்கே வந்து சுப்ரஜாவை மறுபடி குழுவில் சேர்த்துவிட்டுப் போனாள்.

அத்தோடு செயலாளர் விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து குஞ்சுகளின் படம் காலையில் பத்து, மாலையில் பத்து. கரையில் தயிர்சாதம் வைக்கக் கூடாது என்று அவருக்குப் புரிய வைக்கவே ஒரு வாரம் ஆனது. முத்தாலம்மாளைத் தெருக்கோடிக்கு விரட்டினார். கேட்டில் 'அமைதி' என்று எழுதி மாட்டிவிட்டு, வருகிறவர்களை எல்லாம் உரக்க அதட்டினார். ஆகாயத்தாமரை ஒரு மூலையில் மறுபடி தலைகாட்ட, ஞாயிற்றுக்கிழமை சுப்ரஜா பழைய சுடிதாரும் கையுறையுமாகப் போய் நின்றாள். கேட் பூட்டியிருந்தது.

"இப்ப யாரும் உள்ள போகக் கூடாது மேடம். குஞ்சுகள் மேயறது" என்றார் உள்ளிருந்து.

"சார், இத எடுக்கலேன்னா ஒரு மாசத்துல தண்ணியே தெரியாது. அப்புறம் எங்க மேயும்?"

"அடுத்த கூட்டத்துல பேசலாம்."

"கூட்டமா?"

சுப்ரஜா வேலி சரிந்த பக்கமாகக் குனிந்து நுழைந்தாள். அவர் "மேடம், மேடம்" என்று கரையோடு கூடவே ஓடிவந்தார். அவள் காதில் வாங்காமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முதல் கொத்தை வேரோடு பிடுங்கிக் கரையில் வீசினாள். அது அவர் காலடியில் சொத்தென்று விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வழுக்கறதே" என்று முனகியபடி அவரும் இறங்கினார். கைக்கு எட்டிய இலையை ஆவேசமாகப் பிடித்து இழுத்தார்.

"அத விடுங்க சார்!" என்று தாங்கலே அதிரக் கத்தினாள் சுப்ரஜா. "அது ஆம்பல்!"