காய்ச்சிய தண்ணீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் கிடைத்தது. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, தோழி ஏதோ சொன்னதற்கு வாயைத் திறக்காமல் மூக்காலேயே சிரித்தாள். பிறகு அசந்து ஒரு கொட்டாவி விட்டாள். முன்பற்கள் பழுப்பேறி, அங்கங்கே குழி விழுந்திருந்தன. விளாங்குடியில் வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். அவளுக்குக் காவ்யஸ்ரீ என்று பெயர் வைத்து, ஓர் அம்மாவையும் தங்கையையும் கொடுத்தேன்.

2

எழுமலைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஓர் அழகான—

(வேண்டாம். மலை வந்தால் எல்லோரும் மலையைத்தான் பார்ப்பார்கள்.)

அம்மா முத்துமீனா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தாள். காவ்யஸ்ரீ ஊரில் சித்தி வீட்டில் வளர்ந்தாள். சின்னவளைப் பெற ஊருக்கு வந்தபோதுதான் முத்துமீனா மூத்தவளின் பல்லைப் பார்த்தாள். பால்பல் விழுந்த இடத்தில் முளைத்ததெல்லாம் பழுப்பு. போர்வெல் தண்ணீர்தான் காரணம், அதில் ஃப்ளோரைடு இருக்கிறது என்றார்கள். அன்றே முடிவெடுத்தாள்: சின்னவளுக்குக் காய்ச்சாத தண்ணீர் ஒரு வாய்கூடக் கிடையாது. ஊரிலேயே தங்கி, ஆறு வருடமாகப் பானைத் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சுகிறாள்.

"எம்புட்டு நேரந்தான் கொதிக்க விடுவ?" என்பான் கணவன் விருமாண்டி.

"கெட்டது போகணும்ல."

3

இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. கொதித்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு எங்கும் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், மிச்சத்தில் அது இன்னும் கூடும்.

[இதை அவளிடம் சொல்ல ஒரு நர்ஸைக் கதைக்குள் அனுப்பினேன். "அப்ப வேற தண்ணி எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்கக்கா" என்றாள் முத்துமீனா. நர்ஸுக்கு எழுதிக்கொடுக்க என்னிடம் பதில் இல்லை. நர்ஸைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன்.]

4

ஊருக்கு நல்ல தண்ணீர்க் குழாய் வருகிறது என்று ஒரு முடிவு எழுதினேன். வரட்டும். சின்னவளின் முன்பற்கள் ஈறுக்குள் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டன. என் வாக்கியத்தை எத்தனை முறையும் திருத்தலாம், அந்தப் பல்லைத் திருத்த முடியாது. எழுதுவதே வெறுத்துப்போகிறது.

காவ்யஸ்ரீ ஒருநாள் வாய்விட்டுச் சிரி—

(அவள் சிரிக்கவில்லை. நான்தான் வற்புறுத்தினேன்.)

5

சின்னவளுக்குப் பால்பல் விழுந்து கீழ்ப்பல் முளைத்துவிட்டது. முத்துமீனா அவளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, நாடியைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறாள். நல்ல வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன.

ஃப்ளோரைடு ஏறிய பல் முளைக்கும்போது இப்படித்தான் இருக்கும். பழுப்பு பிறகுதான் ஏறும். மூத்தவளுக்கு முளைத்த சமயத்தில் முத்துமீனா திருப்பூரில் இருந்தாள், பார்த்ததில்லை. காவ்யஸ்ரீ பார்த்திருக்கிறாள், கண்ணாடியில்.

"ஏய், இங்கிட்டு வந்து பாரு. காய்ச்சிக் குடுத்தது வீண் போகல. தங்கச்சி பல்லு நல்லாத்தான இருக்கு?"

காவ்யஸ்ரீ குனிந்து தங்கையின் வாயைப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள். என்னால் ஆகாது. அம்மா பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள். காவ்யஸ்ரீ சொல்லப்போவதை நீங்கள்தான் எழுத வேண்டும்.